ராப்டர்ஸ் ஆட்டத்துக்குப் போவது எப்படி: ரிக்கெற் வாங்குவதிலிருந்து வீடு திரும்பும் ரயில் வரை

ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி ஒரு பருவத்தில் ஆடும் 82 ஆட்டங்களில் பாதி சொந்த அரங்கான ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் நடக்கும். ஒக்ரோபர் பிற்பகுதியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை ஆட்டங்கள் உண்டு. எதைத் தெரிவுசெய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு. லேக்கர்ஸ், வோரியர்ஸ் போன்ற மேற்குப் பிரிவு அணிகள் பருவத்துக்கு ஒரே ஒரு தடவைதான் ரொறன்ரோவுக்கு வரும். அதனால் அந்த இரவுகளில் விலை ஏறிவிடும். பிள்ளைகளுக்கு ஆட்டம் பார்த்தால் போதும் என்றால், திங்கள், செவ்வாய் போன்ற வாரநாளில் பெரிய பெயர் இல்லாத அணி வரும்போது வாங்குங்கள். அதே இருக்கை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஒரு குறிப்பிட்ட வீரரைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள், அவருடைய அணி முதல்நாள் இரவும் வேறு ஊரில் ஆடுகிறதா என்று அட்டவணையில் பார்த்துவிட வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வந்தால் மூத்த வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். ஆட்டங்களை நடத்தும் என்.பி.ஏ. சங்கத்தின் காயப் பட்டியல் ஆட்டத்துக்கு முன்பே வெளியாகும். அதைப் பார்த்தபின் மீள்விற்பனையில் வாங்கினால் ஏமாற்றம் இராது. ஆட்டநாள் பிற்பகலில் மீள்விற்பனை விலை இறங்குவதும் உண்டு. ஆனால் நான்கு இருக்கை பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமென்றால் அதுவரை காத்திராதீர்கள். சில தளங்கள் அமெரிக்க டொலரில் விலை காட்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைக் கனடிய டொலரில் பார்த்த பிறகே அட்டை இலக்கத்தைக் கொடுங்கள்.

இருக்கையைப் பொறுத்தவரை, ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் 100இல் தொடங்கும் பகுதிகள் கீழ்த்தட்டு, 300இல் தொடங்குபவை மேல்தட்டு. கீழே என்றாலே நல்லது என்று பலர் மூலைப்பகுதிகளில் பெருந்தொகை கொடுக்கிறார்கள். ஆடுகளம் 94 அடி நீளம். கூடைக்குப் பின்னாலோ மூலையிலோ இருந்தால் தூரத்துக் கூடையில் நடப்பதைப் பாதி ஊகிக்கத்தான் வேண்டும். கூடைப் பலகையும் அதன் தாங்கியும் மறைக்கும், பந்து எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதும் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேரே மேல்தட்டின் முன்வரிசைகளில் இருந்தால், பத்துப் பேரும் நகர்வதும் ஒருவர் எதிராளியை மறித்து நிற்கும் தடுப்பு எப்படி வழி திறந்துவிடுகிறது என்பதும் விரித்த பாய்போலத் தெரியும். எங்கள் பரிந்துரை அதுதான். வீரர்களின் உயரத்தைக் கிட்டவாகப் பார்க்க ஆசைப்படும் சிறுவர்களுக்கு மட்டும் கீழே கூடைப்பக்கம் பரவாயில்லை. மேல்தட்டின் படிகள் செங்குத்தானவை. முழங்கால் நோ உள்ள அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கூட்டிப்போவதானால் வாங்கும்போதே அணுகல் வசதியுள்ள இருக்கையைத் தேடுங்கள்.

ரிக்கெற் கைத்தொலைபேசியில்தான் வரும். வாசலில் அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். திரையில் உள்ள பார்கோட் மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸப்பில் அனுப்பினால் செல்லாது. வீட்டிலேயே ரிக்கெற்மாஸ்ரர் செயலிக்குள் போய், ரிக்கெற்றை ஆப்பிள் அல்லது கூகுள் வொலெற்றில் சேருங்கள். வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பிடித்திழுக்கும்போது செயலி திறக்காமல் நிற்கலாம், வொலெற்றில் இருப்பது உடனே திறக்கும். குடும்பம் இரண்டாகப் பிரிந்து வருவதென்றால் முதல்நாளே மற்றவருக்கு மாற்றிவிடுங்கள். பெறுகிறவர் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும்வரை அது அவர் கைக்கு வராது. போனை முழுமையாகச் சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள்.

காரில் டவுன்ரவுனுக்குள் போகாதீர்கள். தரிப்பிடக் கட்டணத்தைவிட, ஆட்டம் முடிந்தபின் அதிலிருந்து வெளியே வருவதுதான் பெரிய வதை. ஸ்காபரோவிலிருந்து போகிறவர்கள் கெனடியில் சப்வே ஏறி, புளோர்-யங்கில் இறங்கி, தெற்கே போகும் ரயிலில் யூனியன் நிலையத்துக்கு வரலாம். வார இறுதிகளில் பாதையின் ஒரு பகுதியை மூடிப் பஸ் விடுவது அடிக்கடி நடப்பதால் நகரப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யின் தளத்தை அன்று காலையே பாருங்கள். மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குப் புறநகர்ச் சேவையான கோ (GO) ரயில் இலகு. நிலையத் தரிப்பிடத்தில் பெரும்பாலான இடங்கள் இலவசம், 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குப் பயணமும் இலவசம். ரி.ரி.சி.யிலும் கோ ரயிலிலும் ஒரே அட்டையையே (பயண அட்டையான பிரெஸ்ரோ போன்றதை) தட்டினால் இரண்டு கட்டணம் எடுக்காது.

யூனியனிலிருந்து அரங்குக்கு உள்வழியாகவே நடந்துவிடலாம். ஆகவே ஜனவரியிலும் மொத்தமான குளிரங்கி தேவையில்லை. இருக்கைகள் ஒடுக்கம், அங்கியை மடியில்தான் வைத்திருக்க வேண்டிவரும். ஒரு ஸ்வெற்றர் போதும், ஆனால் அது கட்டாயம். இது மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் அரங்கும்கூட. பனித்தளத்தை உருக்குவதில்லை. அதன்மேல் காப்புப் பலகை பரப்பி, அதற்கு மேல்தான் மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பூட்டுகிறார்கள். முன்வரிசைகளில் காலடி குளிர்வது அதனால்தான். நேரமிருந்தால் பே வீதிப் பக்கம் வெளியே வந்து சுவரைப் பாருங்கள். 1999இல் அரங்கு திறக்குமுன் அங்கே நின்ற தபால் கட்டடத்தின் முகப்பும், போக்குவரத்து, தொடர்பாடல் வரலாற்றைச் சொல்லும் கற்சிற்பங்களும் அப்படியே இருக்கின்றன.

பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள். சாப்பாடும் கொண்டுபோக முடியாது. கைக்குழந்தைக்கான பால், மருந்து பற்றிய விதிகளை அரங்கின் தளத்தில் முன்னரே பாருங்கள். உள்ளே காசு செல்லாது, அட்டை மட்டும்தான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் யூனியனிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. ஆட்டம் 7.30 என்றால் 6.45க்கு வாசலில் நில்லுங்கள். வீரர்கள் பயிற்சிக்குப் பந்து எறிவதைப் பார்க்கலாம், இரு நாட்டுக் கீதங்களுக்கும் எழுந்து நிற்கலாம்.

பன்னிரண்டு நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். கணக்கு 48 நிமிடம், நடப்பில் இரண்டேகால் மணிக்கு மேல் போகும். இடைவேளை 15 நிமிடம். அப்போது எழுந்தால் கழிப்பறை வரிசையிலேயே அது முடிந்துவிடும். இரண்டாம் கால்பகுதியில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போதே, ஆட்டம் நின்ற ஒரு கணத்தில் எழுந்து போய்வாருங்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது “டிஃபென்ஸ்” என்று கத்துவார்கள், சேர்ந்து கத்துங்கள். நம்மவர் இலவச எறிக்கு நிற்கும்போது மட்டும் அமைதி.

சனநெரிசல் தொடங்குமுன்பே கிளம்பிவிடும் ஆசை வரும். புள்ளி நெருக்கமாக இருந்தால் எழும்பாதீர்கள். 2019 மே 12 அன்று இதே அரங்கில், பிலடெல்பியா அணியுடனான வெளியேற்றுச் சுற்றுத் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம் 90-90 என்று சமநிலையில், 4.2 செக்கன் மிச்சம். ராப்டர்ஸ் வீரர் காவாய் லெனர்ட் மூலையிலிருந்து எதிரணி வீரர் எம்பீட்டின் கைக்கு மேலாக எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. அப்போது நேரம் முடிந்திருந்தது. அந்தப் பருவத்தில்தான் ராப்டர்ஸ் கிண்ணத்தையும் வென்றது. கடைசி இரண்டு நிமிடம் ஆடி முடிய நேர இடைநிறுத்தங்களும் தவறுகளுமாகப் பதினைந்து நிமிடம்கூட ஆகும், ரயில் நேரம் பார்க்கும்போது அதையும் சேருங்கள்.

முடிந்ததும் ஏறத்தாழ 20,000 பேர் ஒன்றாக யூனியனுக்குள் இறங்குவார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரிந்தால் சந்திக்க ஓர் இடத்தை முன்னமே சொல்லிவையுங்கள். கோ ரயில்கள் இரவில் நீண்ட இடைவெளியில்தான் வரும். அடுத்த இரண்டு ரயில்களின் நேரத்தைப் போனில் குறித்துவைத்திருந்தால் ஓடத் தேவையில்லை. மேடை இலக்கம் புறப்படச் சற்று முன்னர்தான் பலகையில் வரும். ஊரில் இறங்கியதும் பிரெஸ்ரோ அட்டையை மறுபடி தட்டுங்கள். நித்திரைத் தூக்கத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறந்து நடந்தால், அந்தப் பாதையின் முழுக் கட்டணமும் போய்விடும்.