மருந்து வைக்காம எலிய வீட்டுக்குள்ள வராம தடுக்கறது எப்படி

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க, எலிய புடிக்கறது ரெண்டாவது வேலை, அது வர்ற வழிய அடைக்கறதுதான் மொத வேலை. ஓட்டை தொறந்து கெடந்தா தெனம் ஒண்ணு பொறியில விழுந்தாலும் அடுத்தது வந்துட்டேதான் இருக்கும். சுண்டெலி சினையாகி மூணு வாரத்துல குட்டி போட்டுரும், ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி, அதுங்களும் ஒண்ணரை ரெண்டு மாசத்துல சினையாக ஆரம்பிச்சிரும், அதனால அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

மருந்து வேணவே வேணாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் மனுஷன் வயித்துக்குள்ள போனா கல்லீரலையே கெடுத்துரும், அதுக்கு மாத்து மருந்தும் கெடையாது, கொழந்தைங்க இருக்கற வீட்டுல அத வெச்சிருக்கறதே ஆபத்து. கேக் மருந்து தின்ன எலி ஒடனே சாகாது, சில நாள் கழிச்சு பரண் மேலயோ பீரோ பின்னாடியோ போய் செத்து நாறும், அந்த எலிய தின்ன பூனையும் ஆந்தையும் சேந்து சாகலாம். எலிய தின்னு நமக்கு ஒதவி பண்ற ஜீவனையே நாம கொல்றோம், அதான் எனக்கு மனசு ஆறல.

வந்திருக்கறது யாருன்னு மொதல்ல பாருங்க. புழுக்கை அரிசி அளவு இருந்தா சுண்டெலி, அத விட நல்லா பெருசா இருந்தா பெரிய எலி. மூஞ்சி நீட்டமா, கீச்சு கீச்சுன்னு கத்திட்டு செவுத்தோரமா ஓடினா அது மூஞ்சூறு, அது கரப்பான் பூச்சிய தேடித்தான் வருது, குளியலறை தண்ணி போற ஓட்டைக்கு சல்லடை மூடி போட்டுட்டா போதும், அடிச்சுக் கொல்லாதீங்க. எந்தப் பக்கமா வருதுன்னு தெரியலயா, ராத்திரி படுக்கப் போறப்ப செவுத்தோரம் கொஞ்சம் கோலமாவு தூவி வெச்சுருங்க, காலைல கால்தடமும் வால் இழுத்த கோடும் தெரியும், அது எங்க போய் முடியுதோ அங்கதான் ஓட்டை.

ஒரு பென்சில் நுழையற சந்து இருந்தாலே சுண்டெலி நுழைஞ்சிரும். அதனால கேஸ் டியூப் செவுத்துல போற ஓட்டை, ஏசி பைப் போற ஓட்டை, சிங்க்குக்கு அடியில பைப்ப சுத்தி இருக்கற இடம், கதவுக்கு அடியில இருக்கற சந்து, மீட்டர் பாக்ஸ் வயர் உள்ள வர்ற எடம் எல்லாத்தையும் ராத்திரில லைட் அணைச்சிட்டு, வெளிய ஒருத்தர் டார்ச் அடிக்க உள்ள இருந்து பாருங்க, வெளிச்சம் வர்ற எடமெல்லாம் தெரிஞ்சிரும். கேஸ் டியூப் பக்கத்த மட்டும் ஒரு நாள் கூட விடாதீங்க, அத கடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பழைய துணி, தெர்மாகோல், அட்டை வெச்சு அடைக்கறது வீண், ஒரே ராத்திரில கொதறிப் போட்டுரும். பாத்திரம் தேய்க்கற கம்பி நார நல்லா திணிச்சு அது மேல சிமெண்ட் பூசுங்க, பெரிய பொந்துன்னா நம்ம பெரியவங்க பண்ற மாதிரி ஒடைஞ்ச கண்ணாடித் துண்ட சிமெண்ட்ல கலந்து அடைங்க, கைக்கு ஒற மாட்டிக்கிட்டு பண்ணுங்க. வென்டிலேட்டருக்கு கால் இஞ்சுக்கு மேல கண்ணு இல்லாத கம்பி வலை, கோழி வலை வேணாம், அது கண்ணு பெருசு. கதவுக்கு அடியில ரப்பர் மட்டும் போட்டா கடிச்சிரும், தகரப் பட்டையும் சேத்து அடிங்க. சேலத்துல செவ்வாப்பேட்டை, குகை பக்கம் இருக்கற பழைய ஓட்டு வீடுன்னா ஓடும் செவுரும் சேர்ற எடம்தான் வாசலே, அங்க வலை அடிக்கணும். மாமரக் கிளை, கொடி எதுவும் கூரைய தொடக்கூடாது.

எல்லா ஓட்டையும் ஒரே நாள்ல அடைச்சிட்டா உள்ள இருக்கறது மாட்டிக்கும். சந்தேகமா இருக்கற ஓட்டைல பேப்பர சுருட்டி லேசா சொருகி வெச்சிட்டு மூணு நாள் பாருங்க, பேப்பர் அசையலன்னா அங்க போக்குவரத்து இல்ல, சிமெண்ட் பூசிருங்க. அசைஞ்சா அதுக்குப் பக்கத்துலதான் பொறி, செவுத்த ஒட்டி வைக்கணும், நடு ரூம்ல வெச்சா விழாது. சுட்ட தேங்கா சில்லு, கருவாடு, மசால்வடை எது வெச்சாலும் வரும், மொத ரெண்டு நாள் பொறிய மாட்டாம சும்மா தீனி மட்டும் வைங்க, பயம் தெளிஞ்சு வரும், அப்பறம் மாட்டுங்க. பசை அட்டை மட்டும் வேணாங்க, உயிரோட ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா துடிக்கும். சத்தம் போட்டு வெரட்டற பிளக் மெஷினுக்கும் காசு போடாதீங்க, கொஞ்ச நாள்ல எலிக்கு பழகிரும்.

தீனி இல்லன்னா தங்காது. அரிசி மூட்டை, கடலை, ஜவ்வரிசி எல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் டிரம்முக்கு போகட்டும், பிளாஸ்டிக் டப்பாவ கடிச்சிரும். மாம்பழ சீசன்ல கட்டிலுக்கு அடியில வைக்கோல் போட்டு காய் பழுக்க வைக்கறோம்ல, அது தீனியும் கூடும் ஒண்ணா வெச்சுக் குடுக்கற மாதிரி, மூடின பெட்டில வைங்க. சாமி வெளக்குல எண்ணெ குடிக்க வந்து எரியற திரியவே இழுத்துட்டுப் போற ஆபத்து இருக்கு, படுக்கறதுக்கு முன்ன அணைச்சிருங்க. தறி வீட்டுல நூல் கோன், பட்டு எல்லாம் தகரப் பொட்டில இருக்கட்டும்.

புழுக்கைய வெறுமனே கூட்டாதீங்க, தூசி மூக்குல ஏறும். கையுறை மாட்டிக்கிட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிய தெளிச்சு பத்து நிமிஷம் விட்டு தொடைங்க. எலி மூத்திரத்துல இருந்து எலிக்காய்ச்சல் வரலாம், அதுக்கப்பறம் காய்ச்சல், ஒடம்பு வலி, கண்ணு செவப்புன்னு எது வந்தாலும் டாக்டர்கிட்ட எலி இருந்த விஷயத்தயும் சேத்து சொல்லுங்க.

ஏற்காட்டுல வீடு இருந்து அப்பப்ப பூட்டிட்டு கீழ வர்றவங்களுக்குத்தான் வேலை அதிகம், மழையும் குளிரும் ஆரம்பிச்சா காட்டுல இருக்கறதெல்லாம் கதகதப்பு தேடி உள்ள வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடியே ஓட்டை எல்லாம் அடைச்சிருங்க, மெத்தைய சுருட்டி கம்பி மேல தொங்க விடுங்க, பழைய பேப்பர், சாக்கு எதுவும் விட்டுட்டு வராதீங்க, காப்பிக் கொட்டை மூட்டை இருந்தா பலகை மேல, செவுத்துல இருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்க, சுத்தி நடந்து பாக்க எடம் இருந்தாத்தான் புழுக்கை கண்ணுல படும்.