முகாம் போடும் முன் பட்டியலைச் சரி பாருங்கள்

பென்னாகரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்னும் யாராவது போன் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். புதிதாகத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்த பிள்ளைகள், பஞ்சாயத்து வார்டு உறுப்பினர்கள், மகளிர் குழுப் பெண்கள். "எங்க ஊர்ல தடுப்பூசி சதவீதம் ஏறவே மாட்டேங்குது, என்னக்கா பண்றது?" என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொரோனா காலத்தை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். நாளைக்கு வேறு நோய், வேறு ஊசி, வேறு செயலி வந்தாலும் ஊருக்குள் செய்ய வேண்டிய வேலை இதேதான்.

முதலில் முகாமை மறந்துவிடுங்கள். மைக் கட்டுவது, பந்தல் போடுவது, நோட்டீஸ் எல்லாம் அப்புறம். ஊசி போட வேண்டியவர்கள் என்று கையில் இருக்கும் பட்டியலை எடுங்கள். பெரும்பாலும் அது வாக்காளர் பட்டியலை ஒட்டி வந்ததாக இருக்கும். அதில் செத்துப்போனவர் இருப்பார், கல்யாணமாகி ஓசூருக்குப் போன பெண் இருப்பாள், குடும்பத்தோடு பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு மட்டும் வந்து போகிறவர் இருப்பார். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் யாரும் வெளியே போகாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். பட்டியலில் 200 பேர், ஊசி போட்டவர்கள் 130 பேர் என்றால் 65 சதவீதம். மேலதிகாரி கூட்டத்தில் உங்களை நிற்க வைத்துக் கேட்பார். ஆனால் அந்த 200-ல் 20 பேர் இறந்தவர்களும் நிரந்தரமாக ஊரை விட்டுப் போனவர்களும் என்று வையுங்கள். இன்னும் 30 பேர் பெங்களூருவிலேயே போட்டுக்கொண்டார்கள், அது கர்நாடகக் கணக்கில் ஏறிவிட்டது. இப்போது 180 பேருக்கு 160 பேர். கிட்டத்தட்ட 89 சதவீதம். ஒரு ஊசிகூட புதிதாகப் போடவில்லை பாருங்கள். நீங்கள் தேடிப் போக வேண்டியது 70 பேரை அல்ல, 20 பேரை. அந்த 20 பேருடைய பெயரும் வீடும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பட்டியலைத் திருத்தத் தனியாகப் போகாதீர்கள். அங்கன்வாடி டீச்சரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரும் உதவுவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண்ணை விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்ற நோட்டு அந்தப் பெண்ணிடம் இருக்கும். முதலில் ஊசி சேர வேண்டியவர்கள் அவர்கள்தானே.

நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். ஊரில் இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார், இல்லை, போட்டாகிவிட்டது என்று நான்கு கட்டம் போதும். "போட்டாச்சு" என்று வாயால் சொன்னால் சான்றிதழையோ போனில் வந்த குறுஞ்செய்தியையோ கேட்டுப் பாருங்கள். ஊசிக்குப் பயந்து "பெங்களூர்லயே போட்டுக்கிட்டேன்" என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நான்கு பேராவது உண்டு.

அப்புறம் நேரம். காலை பத்து மணிக்கு முகாம் என்று போட்டால் யார் வருவார்கள்? பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கிறவர்கள் விடியலிலேயே தோட்டத்தில் இருப்பார்கள். ராகிக்குக் களை எடுக்கும் பருவத்தில் ஒரு பெண்ணும் வீட்டில் இருக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தை, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை. அந்த நாளில் சுற்றுவட்டாரத்தில் முகாம் போட்டால் கொண்டுபோன ஊசியை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கு, வருகைப் பதிவு எடுக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வேலை விட்டு வருகிறவர்களுக்கு மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை கோயில் திண்ணையில் உட்காருங்கள்.

கிழமை விஷயத்தில் அரசாங்கமே இறங்கி வந்தது. 2021 செப்டம்பர் 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க 40,000 இடங்களில் முதல் மெகா முகாம் நடந்தது. 20 லட்சம் பேர் என்று குறி வைத்து, 28 லட்சத்தைத் தாண்டிப் போட்டார்கள். அதற்கப்புறமும் ஞாயிறுகளிலேயே நடந்தது. ஆனால் ஞாயிறு என்றால் கறிச் சோறு, சிலருக்குக் குடி. கறி சாப்பிட்டால், குடித்தால் ஊசி ஆகாது என்று ஒரு பேச்சு. அதனால் அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், சுகாதாரத் துறை அமைச்சரே வெளிப்படையாகக் காரணத்தைச் சொன்னார். நான் அதை ரசித்தேன். கறிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மணிக்கணக்கில் வாதாடலாம். கிழமையை மாற்றினால் வாதாடவே வேண்டியதில்லை.

ஊசியைப் பத்திரமாகக் கொண்டுபோவது பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள், ஆனாலும் மலை ஊர்களுக்குப் போகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வேலையில் இருந்தபோது கோட்டூர் மலைக்கு வண்டி ஏறாது, தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தையே கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன ஊர் அது. அப்படிப்பட்ட இடத்துக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது வெயிலை நினைத்து எல்லாரும் பயப்படுவார்கள். நான் அதிகம் பயந்தது உறைந்துபோவதற்குத்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் பக்கத்தில் இருக்கும் குப்பி உறைந்துவிடும், அப்புறம் குப்பையில்தான் போட வேண்டும். ஐஸ் பேக்கை வெளியில் வைத்து வியர்க்க விடுங்கள். காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

கொரோனாவுக்குப் போட்ட கோவிஷீல்டில் குப்பிக்குப் பத்து டோஸ் இருந்தது, திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதிவிடுங்கள். ஊசி தட்டுப்பாடாக இருந்த 2021 மே, ஜூனில் பத்துப் பேர் சேரும்வரை குப்பியைத் திறக்காமல் காத்திருந்தோம். அன்றைக்கு அது நியாயம். கையிருப்பு தாராளமாக இருக்கும்போதும் அதே பழக்கத்தில் "இன்னும் ஆறு பேர் வரட்டும் ஆயா" என்று உட்கார வைக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கி வந்த கிழவி திரும்ப வரமாட்டாள். அவள் ஒருத்திக்காகக் குப்பியைத் திறக்கலாம்.

சரி, பயம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், மற்றவர்களையும் போடச் சொன்னார். 17-ம் தேதி இறந்துபோனார். மாரடைப்பு, ஊசியால் அல்ல என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். அக்டோபரில் மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் எத்தனை கதவு எங்களுக்குச் சாத்தப்பட்டது தெரியுமா? "அவ்ளோ பெரிய மனுசனுக்கே அப்படின்னா, எங்களை யாரு பாப்பாங்க நர்சம்மா?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் புள்ளிவிவரம் எடுபடாது. ரெண்டாவது பாதியைக் கவனியுங்கள். 'எங்களை யார் பார்ப்பார்கள்' என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்கள், நானும் இருப்பேன், அவசர மருந்து இந்தப் பெட்டியில் இருக்கிறது, 108 எந்த இடம் வரை வரும் என்று விசாரித்துவிட்டேன், என் போன் நம்பர் இது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

காய்ச்சலை மறைக்காதீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் போட்டுவிட்டு, ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தால், அந்தத் தெருவே உங்களை நம்பாது. "ஒரு நாள், ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், களை வெட்டப் போக முடியாது" என்று முதலிலேயே சொல்லி, பாராசிட்டமால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ரெண்டு நாள் கூலி போச்சுன்னா நீ தருவியா?" நியாயமான கேள்வி. ஒரே வீட்டில் சம்பாதிக்கிற இரண்டு பேருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். புருஷனுக்கு இந்த வாரம், பெண்டாட்டிக்கு அடுத்த வாரம். இந்த ஒரு ஏற்பாட்டுக்கே பல வீடு ஒத்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஒரு போன் போட்டு "காய்ச்சல் எப்படி இருக்குது?" என்று கேளுங்கள். போன் இல்லாத வீட்டுக்கு நேரில் போங்கள். அடுத்த முகாமுக்கு ஆள் சேர்ப்பது அந்த விசாரிப்புதான்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்பீர்கள். கடையில், பஸ்ஸில், டாஸ்மாக்கில் சான்றிதழ் கேட்டால் தானாகப் போட்டுக்கொள்வார்களே என்று. 2021 நவம்பரில் பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழகப் பொது சுகாதாரத் துறை சொன்னது. டிசம்பர் தொடக்கத்தில் கர்நாடகம் மால், தியேட்டருக்குள் போக இரண்டு டோஸும் கட்டாயம் என்றது. அந்தச் சமயத்தில் கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் எப்படியும் போட இருந்தவர்கள், தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். நிஜமாகப் பயந்தவர்கள் வீட்டுக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டார்கள். ஒரு ஊரில் ஊசி போடாவிட்டால் ரேஷன் கிடையாது என்று யாரோ சொல்லி வைக்க, அதற்கப்புறம் குழந்தைகளின் புதன்கிழமை ஊசிக்குக்கூட அந்தத் தெருவில் தாய்மார்களைக் கூப்பிட்டு வருவது கஷ்டமாகிவிட்டது. 2022 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, தொற்று குறைவாக இருக்கும்போது போடாதவர்களைப் பொது இடங்களில் தடுப்பது சரியல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தடுப்பூசிக் கொள்கையே தவறு என்று அது சொல்லவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரேஷன், பென்ஷன் பெயரைச் சொல்லி மிரட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

கட்டுப்பாடு தளர்வதற்கும் உங்கள் சதவீதத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. 2021 ஜூனில் ஊரடங்குத் தளர்வுக்காக மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள், தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இரண்டாம் வகையில் இருந்தன. அப்போது வேலை இல்லை, பஸ் இல்லை, எல்லாரும் ஊரில். முதல் டோஸ் போட வசதியான நேரம். ஜூலை 5 முதல் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி தளர்வு. வேலை திறந்ததும் ஊர் காலி. கோவிஷீல்டுக்கு இரண்டாவது டோஸ் 84 நாள் கழித்து. ஜூனில் போட்டவருக்கு செப்டம்பர், அப்போது அவர் பெங்களூருவில் ஏதோ ஒரு கட்டடத்தின் பத்தாவது மாடியில் நிற்பார். நீங்கள் இங்கே அவர் பெயரைப் பாக்கிப் பட்டியலில் வைத்துக்கொண்டு தேடுவீர்கள். அதனால் முதல் ஊசி போடும்போதே எந்த ஊருக்கு வேலைக்குப் போவார், எந்த மேஸ்திரியிடம், இரண்டாவது ஊசி எந்தத் தேதிக்கு மேல் என்று கேட்டு எழுதுங்கள். அவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டில் தேதி எழுதிக் கொடுங்கள். இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அதே போன் நம்பர், அதே அடையாள அட்டை என்று இரண்டு முறை சொல்லுங்கள்.

அந்த 'அதே நம்பர்' விஷயத்தில்தான் சான்றிதழ்ச் சிக்கல் பாதி. மலை ஊர்களில் போன் இல்லாதவர்களுக்கு யாரோ ஒருவரின் நம்பரில் பதிந்தோம். ஊசிக்குப் பெயர் பதியும் கோவின் இணையதளத்தில் ஒரு நம்பருக்கு முதலில் நான்கு பேர், 2022 ஜனவரியில் ஆறு பேர். முதல் டோஸ் பக்கத்து வீட்டு நம்பரில், இரண்டாவது மேஸ்திரி நம்பரில் என்றால் தளத்துக்கு அது இரண்டு ஆள். கையில் இரண்டு முதல் டோஸ் சான்றிதழ் இருக்கும், முழுச் சான்றிதழ் இருக்காது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க, வேறு நம்பருக்கு மாற்ற, பெயர் திருத்த எல்லாவற்றுக்கும் பின்னால் தளத்தில் வழி செய்தார்கள். ஆனால் பெயர்த் திருத்தத்துக்கு ஒரே முறைதான் விட்டார்கள். ஆகவே பதியும்போதே யார் நம்பர் என்று உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

வெளிநாடு போகிறவருக்கு இனிஷியல் பெரிய தலைவலி. ஆதாரில் 'கே முருகன்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், விமான நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்களா என்று முகாமிலேயே கேளுங்கள். இருந்தால் அதில் உள்ள எழுத்து மாறாமல் பதியுங்கள், பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் முழுதாக வேண்டும். 2021-ல் நம்ம சான்றிதழை ஏற்பதில் பிரிட்டன் இழுத்தடித்தபோதுதான் வெளிநாட்டுப் பயணச் சான்றிதழில் தேதி, மாதம், வருடம் மூன்றையும் போட ஆரம்பித்தார்கள், அதுவரை வெறும் வயதோ வருடமோதான். எந்த ஊசி என்பதையும் பாருங்கள். கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் 2021 நவம்பர் 3-ல்தான் வந்தது. அதற்கு முன் போட்டவர்களில் சிலர் வேலை விசாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவருக்கு அந்த ஊசி தனி. அதை நம்ம முகாமில் போட முடியாது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையங்களில்தான். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.

சான்றிதழை அச்சிட்டுக் கொடுக்கும்போது பெயர், தேதி, ஊசி எது என்று அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஓரத்தில் இருக்கும் கியூஆர் கட்டத்தின் மேல் சீல் வைக்கவோ, அந்த இடத்தை மடிக்கவோ விடாதீர்கள். சரிபார்க்கிறவர் பார்ப்பது அதைத்தான். லேமினேட் செய்வதெல்லாம் அதற்கப்புறம்.