என்எஃப்எல் டிராஃப்ட்: டிரேட் டவுன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் வந்துவிட்டால் போதும், அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களில் பாதிப் பேர் தங்கள் டீமுக்குச் சொல்லும் யோசனை ஒன்றுதான்: டிரேட் டவுன் பண்ணு, பிக்குகளைச் சேர்த்து வை. இதில் நியாயம் இருக்கிறது. என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, கல்லூரி வீரர்களை டீம்கள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்தான். அந்த ஒவ்வொரு முறைக்கும் பெயர் பிக். 32 டீம்கள், 7 ரவுண்டுகள், போன சீசனில் மோசமாக ஆடிய டீமுக்கு முதல் வாய்ப்பு. உன்னுடைய முறையை இன்னொரு டீமுக்கு விட்டுக்கொடுத்து, அவர்களுடைய பின்வரிசை பிக்கையும் கூடவே இன்னும் ஒன்றிரண்டு பிக்குகளையும் வாங்கிக்கொள்வதுதான் டிரேட் டவுன். கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இதை அலசி 2013இல் வெளியிட்ட ஆய்வில், முன்வரிசை பிக்குகளுக்கு டீம்கள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பேரில் முன்னால் போனவர் நன்றாக ஆட வாய்ப்பு 52 சதவீதம்தான், கிட்டத்தட்ட காசைச் சுண்டிப் பார்ப்பதுபோல.

ஆனால் அது சராசரிக் கணக்கு. அதைச் சட்டமாக எடுத்துக்கொண்ட டீம்கள்தான் மாட்டிக்கொள்கின்றன.

முதல் தவறும் பெரிய தவறும், டீமில் நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இல்லாதபோது குவார்ட்டர்பேக் கிடைக்கும் இடத்தை விற்றுவிடுவது. 2016இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2ஆம் பிக்கை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குக் கொடுத்தது, அவர்கள் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். அடுத்த வருடமும் அதே கதை, 12ஆம் பிக்கை ஹூஸ்டனுக்குக் கொடுக்க, டெஷான் வாட்சன் அங்கே போனார். கையில் பிக் மலைபோலக் குவிந்தது, சரி, ஆனால் 2016இல் 1-15, 2017இல் 0-16 என்று இரண்டு சீசனில் 32 ஆட்டங்களுக்கு ஒரே ஒரு வெற்றி. ஈகிள்ஸோ 2017 சீசனில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தது. கடைசியில் ஆடி முடித்தவர் நிக் ஃபோல்ஸ் என்றாலும், காயம்படும் வரை அந்த சீசனைத் தூக்கிச் சுமந்தவர் வென்ட்ஸ்.

இதையே நீண்ட கதையாகப் பார்க்க வேண்டுமானால் ராம்ஸ் டீமைப் பாருங்கள். 2012இல் குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்ட் இருக்கிறார் என்ற தைரியத்தில் 2ஆம் பிக்கை வாஷிங்டனுக்கு விற்றார்கள் (ராபர்ட் கிரிஃபின் III போனது அப்படித்தான்). பதிலுக்கு மூன்று முதல் ரவுண்டு பிக், ஒரு இரண்டாம் ரவுண்டு பிக். வெறும் கணக்காகப் பார்த்தால் பிரமாதமான டிரேட், நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். 2014 டிசம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில், அந்த டிரேடால் கிடைத்த வீரர்களில் ஆறு பேரைக் கேப்டன்களாக டாஸ் போட அனுப்பினார் கோச் ஜெஃப் ஃபிஷர். ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது. அதோடு சரி. ஃபிஷர் இருந்த வரை தோல்வியைவிட வெற்றி அதிகமான சீசன் ஒன்றுகூட இல்லை. பிராட்ஃபோர்டை முழங்கால் காயம் முடக்கிப்போட, 2016இல் குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃபை எடுப்பதற்காக அதே ராம்ஸ் பிக்குகளை அள்ளிக் கொடுத்து முதலிடத்துக்கு ஏற வேண்டி வந்தது. அப்படி டென்னசி டைட்டன்ஸ் வாங்கிக்கொண்ட பிக்குகளில் ஒன்றான 45ஆம் பிக்கில்தான் பின்னாளில் நட்சத்திரமான டெரிக் ஹென்றி வந்தார்.

அடுத்தது விலை. 1990களின் தொடக்கத்தில் கோச் ஜிம்மி ஜான்சனின் டல்லாஸ் கவ்பாய்ஸ் பிக்குகளின் மதிப்பைச் சொல்லப் போட்ட அட்டவணையில் முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 16ஆம் பிக்குக்கு 1000, 32ஆம் பிக்குக்கு 590. இந்த அட்டவணை பழசு, பின்வரிசை பிக்குகளைக் குறைத்து மதிக்கிறது என்று நம்புகிற ஜெனரல் மேனேஜர்கள் இன்று நிறையப் பேர். அந்த நம்பிக்கை சரியாகவே இருக்கட்டும், ஆனால் எதிரில் வாங்க வருபவர் பழைய விலை கொடுக்கத் தயாராக இருக்கும்போது நீ ஏன் உன்னுடைய மலிவான கணக்கில் விற்க வேண்டும்? 2022இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 12, 46 ஆகிய பிக்குகளை டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து 32, 34, 66 வாங்கியது. பழைய அட்டவணையில் கொடுத்தது 1640, வாங்கியது 1410. விட்டுப்போன 230 புள்ளி என்பது மூன்றாம் ரவுண்டுத் தொடக்கத்து பிக் ஒன்று. அதையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அதே டிரேடில் இன்னொரு தவறும் இருக்கிறது, அதாவது தூரம். எத்தனை இடம் இறங்கலாம் என்பதைப் புள்ளிகள் சொல்லாது, உன்னுடைய பட்டியல்தான் சொல்லும். ஏறக்குறைய ஒரே தரத்தில் ஐந்து பேர் மிச்சம் இருந்தால் நான்கு இடம் இறங்கு, எவர் மிஞ்சினாலும் சம்மதம்தான். வைக்கிங்ஸ் இறங்கியது 20 இடம். 14ஆம் பிக்கில் கைல் ஹாமில்டன் என்ற சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பு வீரர்) பால்டிமோருக்குப் போனார், 32இல் வைக்கிங்ஸ் எடுத்ததும் ஒரு சேஃப்டிதான், லூயிஸ் சீன். அவர் முதல் சீசனிலேயே லண்டன் ஆட்டத்தில் கால் முறிந்து, அப்புறம் மீளவே இல்லை. காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் ஹாமில்டன் தரத்தில் ஒருவர் 12இல் கையெட்டும் தூரத்தில் இருந்தபோது இறங்கியது தேர்வு. போதாததற்கு 12ஐ வாங்கிய லயன்ஸும் மறுநாள் 34ஐ வாங்கிய கிரீன் பே பேக்கர்ஸும் வைக்கிங்ஸ் இருக்கும் அதே டிவிஷன், வருடத்துக்கு இரண்டு முறை எதிரே நிற்கும் டீம்கள்.

பிக் சேர்ப்பதையே சாதனையாக நினைப்பதும் உண்டு. 2011இல் ஜூலியோ ஜோன்ஸுக்காக அட்லாண்டா கொடுத்த ஐந்து பிக்கில் பிரவுன்ஸ் எடுத்த, பெரிதாகச் சோபிக்காதவர்கள் ஃபில் டெய்லர், கிரெக் லிட்டில், ஓவன் மாரெசிக், பிராண்டன் வீடன் என்று போகும். டெய்லருக்காகக் கூடுதலாக ஒரு பிக் கொடுத்து மறுபடி மேலே ஏறியது தனிக்கதை. இதற்கு நேர்மாறாக 2013இல் நியூ இங்கிலாந்து 29ஆம் பிக்கை விற்று ஜேமி காலின்ஸையும் லோகன் ரயனையும் கொண்டுவந்தது, 2014 சீசனில் சூப்பர் பவுல் ஜெயித்த டீமில் இருவரும் இருந்தார்கள். ஆள் பார்க்கத் தெரியாத டீமுக்கு பிக் கூடினால் தவறுகள்தான் கூடும்.

கடிகாரத்தை மறக்கக் கூடாது. முதல் ரவுண்டில் ஒரு பிக்குக்கான நேரம் 2008இல் 10 நிமிடமாகக் குறைந்தது. 15 நிமிடம் இருந்த 2003லேயே வைக்கிங்ஸ் பால்டிமோரோடு பேசிக்கொண்டிருந்து, லீக்குக்குத் தகவல் உறுதியாவதற்குள் நேரம் முடிந்து, ஜாக்சன்வில்லும் கரோலினாவும் முந்திக்கொண்டன. 7ஆம் பிக் 9 ஆனது. எடுக்க நினைத்த கெவின் வில்லியம்ஸ் அப்போதும் மிஞ்சியிருந்தது அதிர்ஷ்டம்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் ஜெனரல் மேனேஜர் இந்த வருட பிக்குகளை மட்டும் கேட்பதும் தவறு. மாஸி, தேலர் கணக்கில் எதிர்கால பிக்கைக் கொடுத்து இன்றைய பிக் வாங்கும் டீம் வருடத்துக்கு 136 சதவீத வட்டி கட்டுகிறது. கந்துவட்டி! அந்த வட்டியை வாங்கும் பக்கத்தில் நில். 2023இல் முதல் பிக்கை கரோலினாவுக்கு விற்றபோது சிகாகோ பேர்ஸ் 2024இன் முதல் ரவுண்டு பிக்கையும் கேட்டு வாங்கியது. கரோலினா படுமோசமாக ஆட, அது மறுபடியும் முதல் பிக் ஆகி காலெப் வில்லியம்ஸ் வந்தார்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் நான் காட்டுவது 2018இன் பால்டிமோர் ரேவன்ஸ். 16இலிருந்து 22, அங்கிருந்து 25 என்று இரண்டே தாவலில் இறங்கி, ஹேடன் ஹர்ஸ்டை எடுத்தார்கள். இறங்கும் வழியில் கிடைத்த 125ஆம் பிக்கையும் சேர்த்துக் கொடுத்து 32ஆம் பிக்குக்கு ஏறினார்கள். ஏன் 33 வரை காத்திருக்கவில்லை? முதல் ரவுண்டு வீரருக்கு மட்டும்தான் ஐந்தாம் வருட ஆப்ஷன் (டீம் விரும்பினால் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கும் உரிமை) உண்டு, அதோடு வேறு யாரும் முந்திவிடவும் கூடாது. அந்த 32இல் அவர்கள் எடுத்தவர் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன், அடுத்த சீசனிலேயே ஒருமனதாக எம்விபி (லீக்கின் சிறந்த வீரர்) ஆனவர்.