பழைய கேரவன் வேனுக்கு பிரேக் வேலை: செலவைக் கணக்குப் போடும் முறை

பழைய டெம்போ டிராவலரையோ மினி பஸ்ஸையோ வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீட்டு வேனாக மாற்றியவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது, "பிரேக் வேலைக்கு எவ்வளவுங்க ஆகும்?" டிரம்மை (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம்) கழற்றாமலே இதற்குத் தொகை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். டிரம்மை உள்ளிருந்து உரசி வண்டியை நிறுத்தும் பட்டைதான் லைனிங், அதன் விலையை எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கேட்டுக்கொள்ளலாம். பில்லை ஏற்றுவது அது அல்ல, உள்ளே துருப்பிடித்துக் கிடக்கும் மற்ற சாமான்கள். மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் வண்டியில் இது இன்னும் மோசம்.

இங்கே சொல்வது ஹைட்ராலிக் பிரேக், அதாவது பிரேக் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக் உள்ள வேனுக்கு மட்டும். ஏர் பிரேக் என்றால் கணக்கே வேறு.

முதல் வேலை, வண்டியை எடை மேடையில் ஏற்றுவது. பருத்தியும் மஞ்சளும் தேங்காயும் போகிற நம்ம பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதோடு பேட்டரி, பிளைவுட், ஏ.சி. வரும் எண்ணை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் எந்த லைனிங் போட்டாலும் சீக்கிரம் தேயும். சாமானை இறக்குவதுதான் சிக்கனம்.

அடுத்து, காசு செலவில்லாத சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவே இல்லையென்றால் பூஸ்டரோ அதற்கு வரும் வேக்குவம் ஹோஸோ (காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்) போயிருக்கலாம். முதலில் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள், ஹோஸ் நூறுகளில் முடியும், பூஸ்டர் ஆயிரங்களில் போகும். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று.

பட்டறைக்குப் போகும் முன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கேஸ் சிலிண்டரை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். ஜாக்கி போடுகிறவருக்கு இரண்டும் தொந்தரவு. கார் பட்டறையின் லிஃப்ட் பெரும்பாலும் இந்த எடையைத் தாங்காது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் பக்கம் லாரி, பஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம், அங்கே போவதே நல்லது.

இனிதான் முக்கியமான கட்டம். பிரித்துக் காட்டுவதற்கு மட்டும் முதலில் கூலி பேசுங்கள். டிரம் கழன்றதும் பக்கத்தில் நில்லுங்கள். தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். லைனிங்கை டிரம்மோடு தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் கருப்பு ரப்பர் மூடி இருக்கும். ஸ்குரூ டிரைவரால் லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது. பிஸ்டனை எடுத்துவிட்டு உள்சுவரில் சுண்டு விரலை ஓட்டுங்கள். வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போதும். துருக்குழி தட்டுப்பட்டால் கிட் போடுவது வீண், சிலிண்டரையே மாற்ற வேண்டும். லைனிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? அப்படியானால் ஹப் ஆயில் சீலை (சக்கர நடுவிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றாமல் புது லைனிங் ஒட்டாதீர்கள், அதுவும் நனைந்துபோகும்.

டிரம்மில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத்துக்கா குறை! ஆனால் எந்த விட்டம் வரை கடையலாம் என்று பெரும்பாலும் டிரம்மிலேயே எண் பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி இழுக்கும்.

"ஏனுங்ணா, பிரேக் ஹோஸ் நல்லாத்தானுங்க இருக்குது, அப்படியே உட்ரலாங்ளா?" என்று மெக்கானிக் கேட்பார். பத்து வருஷ ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே உப்பி, அழுத்தம் திரும்பி வர விடாமல் பிரேக்கைப் பிடித்தே வைத்திருக்கும். மாற்றிவிடுங்கள். எப்படியும் ஒரு தடவை கூலி கொடுக்கிறோம், அதே கூலியில் முடிகிற வேலை இது.

பிரேக் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். டாட் 3, டாட் 4 என்பவை ஆயிலின் தர வகைகள்; டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், டாட் 4 230 டிகிரியில். ஈரம் உறிஞ்ச உறிஞ்ச இந்தக் கொதிநிலை இறங்கும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் மொத்த ரப்பரும் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி நாலு வீல் வரை செலவு.

பட்டியல் தயாரானதும் சாமானையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பழைய எஸ்டிமேட்டில் 28 என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த கையோடு வால்பாறை ஏறிவிடாதீர்கள். 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது புது லைனிங் தாங்கும் வேலை அல்ல. பல்லடம், தாராபுரம் சாலை மாதிரி சமதளத்தில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, லைனிங் டிரம்மோடு உட்கார்ந்த பிறகு மறுபடி பட்டறைக்குப் போய் அட்ஜஸ்ட் செய்யுங்கள். இந்த இரண்டாவது அட்ஜஸ்ட்மென்ட்டும் முதல் கூலியில் அடக்கம் என்று முன்பே பேசிவிடுவது நல்லது.