மைக்ரோவேவில் ஹைட்ரோஜெல்: முதல்முறை செய்பவர்களுக்கு

தன் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் தண்ணீர் குடிக்கும் பாலிமர் ஒன்றைச் செய்வோம்; நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன இதைத்தான் ஹைட்ரோஜெல் என்கிறோம். டயப்பருக்குள் இருக்கும் பொடியும் இதே வகைதான். சமையலறை மைக்ரோவேவ் இதற்கு ஆகவே ஆகாது. ஆய்வகத்துக்கென வரும் மைக்ரோவேவ் ரியாக்டர் வேண்டும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) மூன்றும் கட்டாயம்.

முதலில் 0.28 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 5 மில்லி தண்ணீரில் கரைத்து ஆறவிடுங்கள். 0.72 கிராம் அக்ரிலிக் அமிலத்தை ஐஸில் வைத்து, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலத்தில் சுமார் 70 சதவீதம் சோடியம் அக்ரிலேட்டாகிவிடும்.

அடுத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட மெத்திலீன் பிஸ்அக்ரிலமைடு. தேவை 1.5 மில்லிகிராம்தான், தராசில் நிறுக்க முயலாதீர்கள். 10 மில்லிகிராமை 1 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 0.15 மில்லி எடுத்தால் போதும். வினையைத் தொடங்கிவைக்க 10 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்சல்ஃபேட். எல்லாவற்றையும் 10 மில்லி குப்பியில் ஊற்றி, 15 நிமிடம் நைட்ரஜன் விடுங்கள். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் ரேடிக்கல்களை (பெர்சல்ஃபேட்டிலிருந்து பிறந்து வினையை நடத்தும் துடிப்பான துகள்களை) விழுங்கிவிடும், ஜெல் கட்டாது.

சரி, மூடி போட்டு ரியாக்டரில் வையுங்கள்: 70 டிகிரி, 10 நிமிடம், திறன் உச்சவரம்பு 50 வாட். இந்த வரம்புதான் முக்கியம். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் தண்ணீர் மூலக்கூறுகள் புரள்வதோடு, சோடியம், அக்ரிலேட் அயனிகளும் முன்னும் பின்னும் ஓடிச் சூடேற்றும். போதாக்குறைக்கு வினையே வெப்பம் உமிழும். முதல் தடவை நான் 300 வாட் வைத்தேன்; பாதி ஜெல் மூடியில் ஒட்டியிருந்தது.

50 டிகிரிக்குக் கீழே ஆறியபின் திறந்தால், கண்ணாடி போன்ற கட்டி அசையாமல் நிற்கும். துண்டாக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு நாள் ஊறவைத்தால் வினைபுரியாத மோனோமர் (சங்கிலியில் சேராத அக்ரிலிக் மூலக்கூறுகள்) வெளியேறும். பிறகு எத்தனாலில் போட்டுச் சுருக்குங்கள். எத்தனால் ஹூட்டிலேயே முழுக்க ஆவியான பிறகுதான் 60 டிகிரி உலர்த்தும் அடுப்பு.

இனி சோதனை. 0.1 கிராம் உலர்ந்த ஜெல்லை நிறைய காய்ச்சி வடித்த நீரில் இரவு முழுக்க விட்டு எடை பாருங்கள். ஊறிய எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, உலர் எடையால் வகுத்தால் எத்தனை மடங்கு குடித்தது என்று தெரியும். அதே ஜெல் 0.9 சதவீத உப்புநீரில் வெகு குறைவாகவே ஊதும். ஜெல்லுக்குள் அடைபட்ட சோடியம் அயனிகள் தண்ணீரை உள்ளே இழுப்பதாலும், சங்கிலியில் உள்ள எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதாலும் ஜெல் விரிகிறது. உப்பு அந்த இழுப்பைக் குறைத்து, தள்ளலையும் மறைத்துவிடுகிறது. ஊறிய ஜெல்மேல் ஒரு சிட்டிகை உப்பு தூவினால், கண்ணெதிரே தண்ணீர் கசியும்.

அப்புறம் பிஸ்அக்ரிலமைடை இரட்டிப்பாக்கி இன்னொன்று செய்யுங்கள். குறைவாகக் குடிக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் அவ்வளவு எளிதில் நசுங்காது.