டெங்கு வைரஸ் செல்லுக்குள் பெருகுவது எப்படி: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் வந்தால் டெங்கு பற்றி ஆளாளுக்கு ஒரு விளக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதில் பாதி, வைரஸைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சியாக நினைத்து எழுதியவை. உடம்புக்குள் புகுந்தது, ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது என்று போகும். மற்ற குழப்பங்கள் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஒன்று இரண்டாகப் பிரிவது பாக்டீரியாவின் வழி. வைரஸ் பிரிவதில்லை, பிரித்துப் போடப்படுகிறது. டெங்கு வைரஸ் ஒட்டிக்கொண்டதும் செல்லே அதை ஒரு சிறு பையில் வாங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். பைக்குள் அமிலத்தன்மை ஏறும்போது வைரஸின் மேலுறைப் புரதம் உருமாறும்; வைரஸின் உறையும் பையின் சவ்வும் ஒன்றாகிவிடும். உள்ளே இருந்த ஆர்.என்.ஏ. இழை, அதாவது வைரஸின் மரபுக் குறிப்பு, செல்லுக்குள் இறங்கிவிடும். அத்தோடு அந்த வைரஸின் கதை முடிந்தது. அடுத்த சில மணி நேரத்துக்குச் செல்லை உடைத்துத் தேடினாலும் தொற்றக்கூடிய முழு வைரஸ் அகப்படுவது அரிது. பல விளக்கங்களில் இந்த இடைவெளியே காணோம்.

'வைரஸ் நம் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்துகொள்ளும்' என்பது அடுத்தது. எச்.ஐ.வி. அப்படிச் செய்யும், அதற்கான நொதிகளைக் கையோடு கொண்டுவரும். டெங்குவிடம் அவை கிடையாது. சுமார் 10,700 எழுத்து நீளமுள்ள அதன் ஆர்.என்.ஏ.வை, நம் செல்லில் புரதம் செய்யும் பொறியான ரைபோசோம் நேராகவே படித்து, ஏறத்தாழ 3,400 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளப் புரதமாக்கிவிடும். தறியில் ஒரே பாவில் நெய்த வேட்டிகளை அப்புறம் வெட்டிப் பிரிப்பதுபோல அது 10 புரதங்களாக வெட்டப்படும். வெட்டுவதில் நம் நொதிகளும் உண்டு, வைரஸின் சொந்த நொதியும் உண்டு. இந்தப் பத்தில் 3 மட்டுமே புது வைரஸின் உடலுக்குப் போகும். மீதி 7 செல்லுக்குள் நடக்கும் வேலைக்கு.

அந்த ஏழில் ஒன்று என்.எஸ்.5. வைரஸ் எல்லாவற்றையும் செல்லிடமே இரவல் வாங்குகிறது என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.வை இப்படி நகலெடுத்துத் தள்ளும் நொதி நம் செல்லில் இல்லை. அதைச் செய்வது என்.எஸ்.5. முதலில் எதிர் இழை ஒன்று, அப்புறம் அதை அச்சாக வைத்து மூல இழைகள் பல. எழுத்துப் பிழையைத் திருத்தும் வசதி அதற்கு இல்லை, ஆகவே நகல்களில் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று என்.எஸ்.1. லேப் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். அது பாசிட்டிவ் என்றால் வைரஸையே பிடித்துவிட்டார்கள் என்று நினைப்பது தவறு. என்.எஸ்.1 முழு வைரஸ் துகளில் இருப்பதில்லை. தொற்றிய செல் ரத்தத்தில் கசியவிடும் புரதம் அது. எதிர்ப்புப் புரதங்கள் உருவாகும் முன்பே, காய்ச்சலின் ஆரம்ப நாட்களில் அது ரத்தத்தில் தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து எடுத்து நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனைதான் கைகொடுக்கும்.

புதிய வைரஸ்கள் செல்லை வெடித்துக்கொண்டு வரும் என்பது பாடப்புத்தகப் படத்தின் விளைவு. அந்தப் படத்தில் இருப்பது பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸ். அரை மணி நேரம்போல எடுத்துக்கொண்டு ஈ. கோலையை உடைத்துவிடும். டெங்கு அப்படியல்ல. செல்லுக்குள் சவ்வுகளாலான எண்டோபிளாச வலைப்பின்னலில் உருவாகி, புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை என்ற உறுப்பு வழியாகப் போகும்போது ஃபியூரின் என்ற நம் நொதியாலேயே வெட்டுப்பட்டு முதிர்ந்து, செல் தன் புரதங்களை வெளியே அனுப்பும் அதே பாதையில் வெளியேறும். செல் பிறகு சாகலாம், அது வேறு விஷயம்.

ஆன்டிபயாடிக் போட்டால் டெங்கு போய்விடும் என்ற தவறு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது குறிவைப்பது பாக்டீரியாவின் சுவரையும் ரைபோசோமையும் போன்றவற்றை. டெங்கு பயன்படுத்துவது நம் ரைபோசோமை.

கடைசித் தவறுதான் உயிருக்கு உலை வைப்பது: வைரஸ் எண்ணிக்கை இறங்கினால் நோயும் இறங்கிவிட்டது என்ற கணக்கு. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவது அப்போதுதான் தொடங்கும். காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாளில் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், மயக்கம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.