சிற்றூர் உணவகத்தில் வழிப்பயணிகள் செய்யும் தவறுகள்

"அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்." நெடும்பயணத்தில் சாப்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. எரிபொருள் கால் பங்குக்கு இறங்கியதுமே பங்க் எங்கே என்று தேடுகிற நாம், வயிற்றை மட்டும் முள் அடியைத் தொடும்வரை ஓட்டுகிறோம். பிறகு கண்ணில் படும் முதல் வாசலில் நுழைகிறோம். பசி வேகத்தில் பட்டியலில் பாதியைச் சொல்கிறோம். வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது, வந்ததும் அள்ளி விழுங்குகிறோம். கை கழுவி வெளியே வரும்போது "கடை சரியில்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

கடை சரியில்லாத நாட்களும் உண்டுதான். ஆனால் பல ஆண்டுகளாக வழியோரச் சிற்றூர்களில் சாப்பிட்டுப் பழகியதில் எனக்குத் தெரிந்தது வேறு. அந்தச் சமையலறை எப்படி இயங்குகிறது என்று யோசிக்காமல் நாமே போய் மாட்டிக்கொண்ட நாட்கள்தான் அதிகம். பசி தெரியத் தொடங்கும்போதே நிறுத்துங்கள். அப்போதுதான் ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைத் தேடிப் போகிற தெம்பு இருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவரோ வண்டி ஓட்டினால் இதில் விளையாட்டே கூடாது. ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், கவனம் சிதறும், பார்வை மங்கலாம். அவர் கைக்கு எட்டும் இடத்தில் இனிப்பாக ஏதாவது இருக்க வேண்டும்.

அடுப்புக்கும் ஒரு கடிகாரம் உண்டு

நகரத்துப் பெரிய உணவகத்தில் எந்நேரமும் ஏதாவது ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். சிற்றூரில் அப்படியில்லை. வேளைக்கு ஒரு கூட்டம் வரும், போகும். இடைப்பட்ட நேரத்தில் சமைப்பவர் தான் சாப்பிடுவார், கொஞ்சம் கண்ணயர்வார், அடுத்த வேளைக்கு நறுக்க உட்காருவார். மூன்றரை மணிக்குப் போய் "மதியச் சாப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் இருக்கும். இருப்பது கூட்டம் விட்டுப்போன மிச்சம், அவ்வளவுதான்.

சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஒரு மணிக்கு இறக்கிய பாத்திரம் மூன்றரைக்கு எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு அறிவியல் வேண்டாம், கணக்குப் போதும். வேளை தப்பிப் போனால் அப்போதே வாணலியில் போட்டு எடுக்கக்கூடியதைக் கேளுங்கள். முட்டை எந்த நேரத்திலும் கைகொடுக்கும்.

இரவிலும் இதே கதைதான். பலகையில் ஒன்பது மணி என்று எழுதியிருந்தால் அது கதவு சாத்தும் நேரம். அடுப்பை அதற்கு அரைமணி முன்னதாகவே அணைத்துக் கழுவத் தொடங்கியிருப்பார்கள். எட்டு ஐம்பதுக்குப் போய் நிற்பவருக்கு நல்ல முகமும் கிடைக்காது, நல்ல சாப்பாடும் கிடைக்காது. கைப்பேசி வரைபடத்தில் போட்டிருக்கும் நேரத்தை யாரோ எப்போதோ பதிந்திருப்பார்கள். வார விடுமுறை, வீட்டு விசேஷம் எதுவும் அதற்குத் தெரியாது. ஓட்டாதவர் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்து "எத்தனை மணி வரை சமையல் நடக்கும்?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது.

லாரிகள் நின்றால் ருசி என்று அர்த்தமா?

ஆகிவந்த நம்பிக்கை இது. லாரிகள் வரிசையாக நிற்கும் கடையில் சாப்பாடு பிரமாதமாக இருக்குமாம். லாரிக்காரருக்கு முதலில் வேண்டியது வண்டியைத் திருப்ப இடம். நீளமான வண்டியை நிறுத்த முடியாத கடை எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் அவருக்குப் பயன்படாது. அதன் பிறகு விலை, குளிக்கத் தண்ணீர், வண்டியைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள ஒரு நாற்காலி. ருசி இந்த வரிசையில் எங்கோ பின்னால் வரும். பிரான்சில் 1930களில் லாரி ஓட்டுநர்களுக்கான உணவகங்களை அடையாளம் காட்டச் சிவப்பு நீல நிறத்தில் வட்டப் பலகை மாட்டத் தொடங்கினார்கள். அதுவும் ஓட்டுநரின் தேவையை முன்வைத்து வந்த ஏற்பாடுதான். ஆகவே லாரிகளைப் பார்த்தால் தாராளமான இடம் உண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்து நட்சத்திரங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த ஊரில் தினமும் வந்து சாப்பிடும் பள்ளி ஆசிரியரோ கடை ஊழியரோ உட்கார்ந்து மதிப்புரை எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் என்னைப் போல ஒரே ஒரு முறை வந்து போனவர்கள். ஒருவேளைச் சாப்பாட்டை வைத்துக் கடையின் ஜாதகத்தையே கணிப்பவர்கள்.

நான் பார்ப்பது வேறொன்று. உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள்? வழிப்போக்கரை மட்டும் நம்பியிருக்கும் கடைக்கு நம்மைத் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் குறைவு. நாம் திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, நாளைக்கு வேறு வண்டி வரும். ஊர்க்காரர் நாளையும் வர வேண்டும். அவர் வாயில் கெட்ட பெயர் வாங்கினால் ஊர் முழுக்கப் பரவிவிடும். பரிமாறுபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இரண்டு பேர் இருந்தால் எனக்கு அது போதும்.

சுற்றுலாப் பேருந்து ஒன்று அப்போதுதான் வாசலில் வந்து நின்றிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். நாற்பது, ஐம்பது பேர் ஒரே மூச்சில் இறங்கினால் சின்னச் சமையலறை திணறும். ஒன்று, அவர்களுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவது மேல்.

ஐந்து பேருக்கு ஐந்து விதம்

ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் போனோம். ஆளுக்கொன்று சொன்னோம், அதிலும் ஒருவருக்குக் காரம் கூடாது, இன்னொருவருக்கு எண்ணெய் குறைய வேண்டும். குறித்துக்கொண்ட பெண் எங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. என் தட்டு பத்து நிமிடத்தில் வந்தது. மனைவியுடையது வரும்போது நான் பாதி சாப்பிட்டிருந்தேன். கடைசித் தட்டு வந்தபோது மற்ற நால்வரும் கை கழுவிவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பணம் கட்டப் போனபோது சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆள், எரிகிற இரண்டு அடுப்பு. ஐந்து உருப்படிக்கு ஐந்து வாணலி, நடுநடுவே கழுவ வேறு வேண்டும். அவர் தாமதிக்கவே இல்லை. ஒருவர் இரண்டு அடுப்பில் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்திருக்கிறார்.

அதிலிருந்து எத்தனை பேர் போனாலும் இரண்டு விதத்துக்கு மேல் கேட்பதில்லை. ஒரே ஈட்டில் இறங்கும், எல்லோருக்கும் சூடாக வரும்.

பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று மயங்குவதும் தவறுதான். எண்பது உருப்படி போட்டிருக்கும் சிற்றூர்க் கடையில் உண்மையில் ஓடுவது பத்தோ பன்னிரண்டோ இருக்கும். மற்றவை என்றைக்காவது ஒருவர் கேட்பார் என்று உறைபெட்டியில் காத்திருப்பவை. ஓடுகிற சரக்குதான் புதுச் சரக்கு. கடலுக்கு வெகு தொலைவில், வாரத்தில் இரண்டு பேர் கேட்கும் மீனை மூன்றாவது ஆளாகப் போய் நாம் கேட்க வேண்டியதில்லை.

ஓடுவது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாமே நன்றாக இருக்கும்" என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? "இப்போது சூடாக இறங்கியது எது?" என்று கேளுங்கள். அல்லது "வழக்கமாக வருபவர்கள் என்ன கேட்பார்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும். சில சமயம் பட்டியலிலேயே இல்லாத ஒன்றும் வரும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் சங்கோசப்படாமல் விவரமாகச் சொல்லிவிட வேண்டும். "நிலக்கடலை பிடிக்காது" என்பது வேறு, "நிலக்கடலை பட்டால் எனக்கு மூச்சு முட்டும்" என்பது வேறு. முதலாவதைக் கேட்டவர் மேலே தூவியதைத் தட்டிவிட்டுக் கொடுப்பார். பொரித்த எண்ணெய் ஒன்றுதான், கரண்டி ஒன்றுதான், பலகை ஒன்றுதான். சூட்டில் எல்லாம் போய்விடும் என்று நம்பக் கூடாது. பதிலில் தயக்கம் தெரிந்தால் பழமும் உறை பிரிக்காத ரொட்டியும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கை கழுவுவதில் ஒரு சிறு விஷயம். வண்டியில் வைத்திருக்கும் கிருமிநாசினியை இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக மசிவதில்லை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் இருபது நொடியும் வேண்டும். அப்படியே கழுவுமிடத்தின் லட்சணத்தையும் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் பார்க்கும் இடமே அப்படியிருந்தால் பார்க்காத இடம் எப்படியிருக்கும்?

சில்லறையாக நோட்டு கொஞ்சம் வைத்திருங்கள், சிக்னல் இல்லாத ஊரில் அட்டைக்கு மதிப்பில்லை. உணவில் குறை இருந்தால் இரண்டாவது வாயிலேயே மெதுவாகச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டுச் சொல்லும் குறையை உலகில் எந்தக் கல்லாவும் நம்பாது.

எழுந்ததும் ஸ்டியரிங் பிடிக்காதீர்கள்

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்துக்கு முழுப் பழியையும் சாப்பாட்டின் மேல் போட முடியாது. பிற்பகலில் உடம்பு தானாகவே ஒரு முறை தளரும், சாப்பிடாவிட்டாலும் தளரும். வயிறு நிறைய, எண்ணெய் மிதக்கச் சாப்பிட்டால் அது இரட்டிப்பாகிறது. எனவே ஓட்டுபவர் மற்றவர்களின் தட்டைப் பார்த்துச் சாப்பிடக் கூடாது. அரை வயிறு சாப்பிடட்டும், மீதியை அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கோப்பை காப்பி குடித்த கையோடு கிளம்பிவிடுவதும் தவறுதான், அது வேலை செய்யச் சுமார் அரைமணி ஆகும். காப்பியைக் குடித்துவிட்டு இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் கண்ணை மூடினால் விழிக்கும் நேரமும் காப்பி ஏறும் நேரமும் ஒன்றாக வரும். மைத்துனர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் முதலில் குறட்டை விடுபவரும் அவரே.

மிஞ்சியதைக் கட்டி வாங்கிக்கொண்டு வருவதில்தான் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம். கோடைக் காலம். மதியம் மிஞ்சிய சோற்றையும் கோழிக்கறியையும் பொட்டலம் கட்டிப் பின் கண்ணாடியை ஒட்டி வைத்திருந்தோம். வழியில் இரண்டு இடத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றினோம். வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிடச் சுமார் 20 டிகிரி ஏறிவிடும். வெளியே 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் இரண்டு மணி நேரக் கெடு ஒரு மணி நேரமாகக் குறைகிறது. எங்கள் பொட்டலம் ஐந்து மணி நேரம் அங்கே இருந்தது. இரவு அறையில் பிரித்தபோது வாசனையில் ஒரு மாற்றமும் இல்லை. நன்றாகச் சூடு காட்டித்தான் சாப்பிட்டோம். மூன்று மணி நேரத்தில் நானும் மகனும் மாறி மாறிக் குளியலறைக்கு ஓடினோம்.

சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நோரோ வைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம், சால்மோனெல்லா என்றால் 6 மணி நேரத்திலிருந்து ஆறு நாட்கள் வரைகூட ஆகலாம். கடைசியாகச் சாப்பிட்ட இடத்தைத் திட்டுவது எளிது, பல நேரம் அது தவறான விலாசமாக இருக்கும்.

இதெல்லாம் தெரியாமல் அன்று இரவே படுக்கையிலிருந்து அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு நான்கு வரி எழுதினேன். மறு வருடம் அதே வழியில் போகும்போதுதான் அதை நீக்கினேன், அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு. கல்லாவில் இருந்தவருக்கு நான் எழுதியதும் தெரியவில்லை, நீக்கியதும் தெரியவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது மிச்சத்தைக் கட்டித் தரட்டுமா என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான்.